டர்போ எஞ்சினில் இரண்டு வேறு சத்தங்கள்: டர்போவையே மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி – மலைச்சாலை

வணக்கம். என்னுடைய கார் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்டது, பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் வகை, மேனுவல் கியர். ஓடிய தூரம் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் கையேடு சொல்லும் இடைவெளிக்கு முன்பாகவே மாற்றி வந்திருக்கிறேன். அண்மைக் காலமாக இரண்டு சத்தங்கள் கேட்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதே எனக்கு விளங்கவில்லை.

முதலாவது, இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் 'டிக் டிக்' என்ற ஒலி. ஐட்லிங்கில் ஒரே சீராகக் கேட்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்தால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து விரைகிறது. எஞ்சின் சூடேற ஏறக் குறைந்து, வெப்பநிலை முள் நடுப்பகுதிக்கு வருவதற்குள் முற்றிலும் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) மேல் ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்கும்போது எழும் 'ஊய்' என்ற கூவல். அதோடு காற்று சீறுவது போன்ற ஒலியும் கலந்திருக்கிறது. காலை எடுத்த மாத்திரத்தில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் நியூட்ரலில் 3,500 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பார்த்தாலும் இந்தக் கூவல் வருவதே இல்லை. வண்டியின் இழுவை முன்பைவிடக் குறைந்திருப்பதாகவும் உணர்கிறேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, நீலப் புகை இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை.

பட்டறையில் காட்டினேன். சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, டர்போவின் பேரிங் போய்விட்டது, முழு டர்போவையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். ஒரு குழாயைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா? அவ்வளவு பெரிய செலவில் இறங்குவதற்கு முன் நானே சோதித்து அறியக்கூடியவை எவை?

பதில் – அழுத்தமானி

வணக்கம். கேட்ட மாத்திரத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. எஞ்சின் சத்தத்தை ஆராயும்போது, அது எதைப் போலக் கேட்கிறது என்பதைவிட எதைப் பின்தொடர்கிறது என்பதே முக்கியம். எஞ்சின் வேகத்தையா, எஞ்சின் மீதுள்ள பளுவையா, டர்போ உண்டாக்கும் காற்றழுத்தத்தையா, வெப்பத்தையா என்று பிரித்துப் பார்த்தால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே சந்தேகப் பட்டியல் பெருமளவு சுருங்கிவிடும்.

கூவலை முதலில் எடுத்துக்கொள்வோம். நியூட்ரலில் 3,500 வரை ஏற்றியும் அது வரவில்லை என்பது மிகவும் பயனுள்ள தகவல். ஆல்டர்னேட்டர், பெல்ட், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் பேரிங் தேய்ந்திருந்தால், வண்டி நின்றாலும் ஓடினாலும் அந்தந்த ஆர்பிஎம்மில் ஒலி வந்தே தீரும். பளு இல்லாமல் எஞ்சினை விரட்டும்போது டர்போவின் டர்பைனை (வெளியேறும் வாயுவால் சுழன்று, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தையும் சுழற்றும் சக்கரம்) சுழற்றப் போதுமான எக்ஸாஸ்ட் வாயு இருப்பதில்லை; அதனால் பூஸ்ட் அழுத்தமும், அதாவது டர்போ உண்டாக்கும் காற்றழுத்தமும், ஏறக்குறைய இருக்காது. ஆகவே உங்கள் கூவல் பின்தொடர்வது பூஸ்ட் அழுத்தத்தைத்தான். அப்படியானால் இரண்டு சாத்தியங்கள் எஞ்சுகின்றன: டர்போவே சத்தமிடுகிறது, அல்லது டர்போ அழுத்தித் தரும் காற்று வழியில் எங்கோ வெளியேறுகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சிறிய கார்களின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளைக்கூடத் தாண்டும். 1,20,000 சுற்றுகள் என்று வைத்துக்கொண்டாலே நொடிக்கு 2,000 சுற்றுகள் ஆகின்றன. அதே நேரத்தில் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்க்ஷாஃப்ட் நொடிக்கு 50 முறைதான் சுற்றுகிறது. டர்போவின் சக்கரம் சமநிலை இழந்திருந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசினாலோ, அந்த ஒலி சைரனைப் போலச் சுருதி ஏறி, காலை எடுத்த பிறகும் சக்கரம் வேகம் குறையும் வரை சுருதி இறங்கிக்கொண்டே அடங்கும். காற்றுக் கசிவின் சீறலோ அழுத்தம் விழுந்த கணமே நின்றுவிடும். உங்களுடையது 'காலை எடுத்த மாத்திரத்தில்' நிற்கிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனாலும் தராசு கசிவின் பக்கம்தான் சாய்கிறது.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காற்று கசிந்தால், கேட்ட அழுத்தம் கிடைக்காத எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி வேஸ்ட்கேட்டை (வாயுவின் ஒரு பங்கை டர்பைனைத் தொடாமல் விலக்கிவிடும் மூடி) மேலும் மூடி டர்போவை இன்னும் வேகமாகச் சுழல வைக்கும். அதனால் எந்தக் குறையும் இல்லாத டர்போவே வழக்கத்தைவிட உரக்கக் கூவும். ஓட்டிப் பார்த்துவிட்டு 'டர்போ போய்விட்டது' என்ற முடிவுக்கு வருபவர்களின் காதில் விழுவது பெரும்பாலும் இந்தக் கூடுதல் வேகத்தின் ஒலிதான்.

காரின் கணினித் தகவல்களைப் படித்துக் காட்டும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் ஒன்றிருந்தால், கணினி கேட்கும் பூஸ்ட் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் அருகருகே பதிவு செய்யுங்கள். ஓட்டும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், உடன் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் குறையே இல்லை என்று பொருளல்ல. பூஸ்ட் குறைவைக் காட்டும் பி0299 குறியீடு, இடைவெளி குறிப்பிட்ட அளவைத் தாண்டி, குறிப்பிட்ட நேரம் நீடித்தால் மட்டுமே பதிவாகும். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து த்ராட்டில் பாடிக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வாயில்) செல்லும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் ஆயில் படலமும் அதில் அப்பிய தூசியும் இருக்கும். ஹோஸின் மேற்பக்கத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அடிப்பக்கத்திலும், கிளாம்ப் கடிக்கும் விளிம்பிலும்தான் விரிசல் ஒளிந்திருக்கும்.

இனி அந்த 'டிக் டிக்'. சூடேறினால் மறையும் இந்த ஒலிக்கு முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகைவாயுவைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் குழாய்த்தொகுதி) கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடைவெளி, உலோகம் சூட்டில் விரியும்போது அடைபட்டுவிடுகிறது. ஒரு சிலிண்டர் கிராங்க்ஷாஃப்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வாயுவை வெளித்தள்ளுகிறது என்பதால், 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் நொடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாக அந்த ஒலி கேட்க வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் வால்வ் லிஃப்டரின் ஒலியும் இதே வேகத்தில்தான் வரும். ஆனால் அது வால்வ் கவரின் அடியிலிருந்து வரும், பளு கூடினாலும் அதன் கூர்மை பெரிதாக மாறாது. கசிவின் ஒலியோ, பளு கூடும்போது வாயுவின் அழுத்தமும் கூடுவதால் அறைவது போலக் கூர்மையாகும். டைமிங் செயினின் ஒலி வேறு. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் வந்து சேரும் வரையிலான சில நொடிகள் 'கரகர'வென்று கேட்டு அடங்கிவிடும். உங்கள் எஞ்சின் வகையில் இன்ஜெக்டர்களும் உயரழுத்தப் பம்பும் எப்போதும் 'டக்டக்' என்று ஒலிப்பது இயல்பு. அவை சூடேறினாலும் முழுதாக மறைவதில்லை.

முக்கால் மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறு முனையைக் குளிர்ந்த ஸ்டார்ட்டின் முதல் ஒரு நிமிடத்துக்குள் மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தை நெருங்கியதும் ஒலி சட்டெனத் தெளிவாகும். சுழலும் பெல்ட்டையும் விசிறியையும் விட்டுக் கையையும் சட்டையையும் விலக்கி வையுங்கள். எஞ்சின் அணைந்து ஆறிய பின், கேஸ்கெட் (இணைப்பின் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) விளிம்பில் கரி படிந்த கறுப்புக் கோடு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். இருக்கலாம். டர்பைனுக்குப் போக வேண்டிய வாயுவின் ஒரு பங்கு அதற்கு முன்பே வெளியேறினால், டர்போ வேகமெடுக்கத் தாமதமாகும், இழுவையும் குறையும். சூட்டில் கசிவு முழுதும் அடைபட்டுவிடுகிறது என்றால் அதன் பங்கு சிறிதாகத்தான் இருக்கும்.

பதில் – சுழலி

மேலே எழுதியவர் சொன்ன முறை சரியானது. எனினும் டர்போவைக் குறையற்றது என்று கருதிவிட்டுக் குழாய்களை மட்டும் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சோதித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பார்க்காமல் விட்டு, அது உண்மையிலேயே பழுதாகியிருந்தால், உடைந்த இறக்கையின் துணுக்குகள் இன்டர்கூலர் வரை போகும், ஆயில் உள்ளே உறிஞ்சப்படும், சேதம் எஞ்சினையும் தொடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றுங்கள். கம்ப்ரஸர் சக்கரம் கண்ணில் படும். விரலால் சுழற்றிப் பாருங்கள். எங்கும் தட்டாமல், உரசாமல் சுழல வேண்டும். சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிதளவு ஆட்டம் தெரியும். இதைக் கண்டுதான் பலர் பேரிங் போய்விட்டதாக முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலான டர்போக்களில் அச்சு மிதப்பது ஆயில் படலத்தின் மேல். எஞ்சின் அணைந்திருக்கையில் அந்தப் படலம் இல்லாததால் பக்கவாட்டு ஆட்டம் இருப்பது இயல்பே. ஆட்டும்போது இறக்கையின் நுனி உறையைத் தொடுகிறதா என்பதே கேள்வி. உள்ளும் புறமுமாக, அதாவது அச்சின் திசையிலேயே தள்ளி இழுத்தால், கைக்கு ஆட்டம் தெரியவே கூடாது. தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது, அங்கே விவாதத்துக்கு இடமில்லை. இறக்கைகளின் விளிம்பில் பல் போன்ற சிதைவு இருக்கிறதா, உறையின் உட்சுவரில் உரசிய பளபளப்பான வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய் கழன்றிருக்கையில் எக்காரணம் கொண்டும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

நீங்கள் சொல்லாத இரண்டு ஒலிகளைப் பற்றியும் கேட்கிறேன். லேசாக மிதித்து ஓட்டும்போதோ காலை எடுக்கும்போதோ உலோகத் தகடு அதிர்வது போன்ற 'ஜிர்ர்' ஒலி வருகிறதா? வேஸ்ட்கேட்டின் மூடி அல்லது அதன் கம்பியின் இணைப்பு தேய்ந்தால் அப்படிக் கேட்கும். வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்தாலும் ஏறக்குறைய அதே ஒலிதான், கனமான கையுறையோடு தகட்டை அழுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். முழுதாக மிதித்துவிட்டுச் சட்டெனக் காலை எடுக்கும்போது இறகு படபடப்பது போன்ற ஒலி வந்தால், மூடிய த்ராட்டிலில் மோதிய காற்று கம்ப்ரஸரை நோக்கித் திரும்புகிறது என்று பொருள். அந்தக் காற்றைத் திருப்பிவிட வேண்டிய டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். கிழிந்த டயாஃப்ரம் பூஸ்ட் நேரத்திலும் காற்றைக் கசியவிடும் என்பதால் உங்கள் சீறலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க முடியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சத்தத்தை வரவழைப்பதற்காக உயர்ந்த கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழுதாக மிதிக்காதீர்கள். நேரடி பீய்ச்சல் டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகமும் கடும் பளுவும் சேரும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பற்றும் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒரு முறை கடுமையாக நிகழ்ந்தாலும் பிஸ்டனின் வளையப் பகுதி உடையக்கூடும். 2020இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி ஆயில் தரத்தில் இதற்கான சோதனையும் அடங்கியிருக்கிறது. உங்கள் கையேடு அந்தத் தரத்தை ஏற்கிறது என்றால் அடுத்த முறை அதையே ஊற்றுங்கள். சோதனை ஓட்டத்தைக் கீழ் கியரில், 2,000க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது 'டொக் டொக்' என்ற கனத்த தட்டல் பளுவோடு சேர்ந்து கூடினால், வண்டியை அணைத்துவிட்டு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். அது பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம், அதை ஓட்டிச் சோதிப்பதே அதை முடித்துவிடும்.

மலைச்சாலை

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

ரப்பர் குழாயை மேனிஃபோல்டின் வலக்கோடியில், நான்காம் சிலிண்டரின் அருகே கொண்டு சென்றதும் 'டிக்' ஒலி காதில் அறைந்தது. ஆறிய பின் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அந்தக் கோடி ஸ்டட்டில் (மேனிஃபோல்டை ஹெட்டோடு பிணைக்கும் திருகு கம்பி) நட் இல்லை. ஸ்டட் ஹெட்டின் முகப்பை ஒட்டி முறிந்திருக்கிறது. அதைச் சுற்றிக் கேஸ்கெட் விளிம்பில் விசிறி போல விரிந்த கரித்தடம் இருக்கிறது.

கம்ப்ரஸர் சக்கரத்தில் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கிறது, உறையைத் தொடவில்லை. உள்ளும் புறமுமாக எந்த ஆட்டமும் இல்லை. இறக்கைகள் சுத்தமாக இருக்கின்றன. 'ஜிர்ர்' ஒலியும் படபடப்பும் வரவில்லை.

ஸ்கேனரில், மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தபோது கணினி கேட்டது 1.9 பார் (அழுத்தத்தின் அலகு), கிடைத்தது 1.6 பார். வளிமண்டல அழுத்தமும் சேர்ந்த அளவு என்று எண்ணுகிறேன், ஏனெனில் எஞ்சின் அணைந்திருக்கும்போது அது ஏறக்குறைய 1 பார் காட்டுகிறது. இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்குச் செல்லும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. இறுக்கிய பின் கூவல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த ஹோஸைக் கழற்றியபோது உட்புறம் முழுவதும் மெல்லிய ஆயில் படலம் இருந்தது. டர்போவின் சீல் போய்விட்டதற்கு இதுவே அடையாளம் என்று பட்டறையில் மீண்டும் சொல்கிறார்கள். அது சரியா?

அழுத்தமானி

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அந்த 0.3 பார் இடைவெளிதான் உங்கள் இழந்த இழுவை.

மெல்லிய படலத்தைக் கண்டு சீலைக் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆயில் ஆவி, காற்றோட்டக் குழாய் வழியாகக் கம்ப்ரஸருக்கு முன்னால் உள்ள குழாயில் சேர்க்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு வழியெங்கும் படிவது இயல்பு. ஹோஸின் தாழ்ந்த இடத்தில் ஆயில் தேங்கி நின்றாலோ, ஆயில் அளவு குறைந்துகொண்டே போனாலோ கவலைப்பட வேண்டும். அப்போதும் சீலைத் தொடுவதற்கு முன், டர்போவிலிருந்து கீழே இறங்கும் ஆயில் குழாய் அடைத்திருக்கிறதா, எஞ்சினின் உள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் இறங்க வழியில்லாதபோது புத்தம் புதிய டர்போவும் சீல் வழியாகக் கசியும். உங்களுக்கு நீலப் புகை இல்லை, அளவும் குறையவில்லை, அச்சும் உறுதியாக இருக்கிறது. டர்போவை மாற்றுவதற்கான காரணம் ஒன்றுகூட இதுவரை தென்படவில்லை.

கூவல் முற்றிலும் நிற்காததால் இன்னொரு கசிவு இருக்கிறது. வேறொரு பட்டறையில் புகைச் சோதனை (காற்றுக் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். புகையில் தெரியாவிட்டால், டர்போவின் காற்று நுழைவாயிலை அடைப்பானால் மூடி, 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளிக்க வேண்டும். சில விரிசல்கள் அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும், அதனால்தான் இதையும் சொல்கிறேன். ஒரு முன்னெச்சரிக்கை: எஞ்சின் காற்றோட்டக் குழாயைத் தனியே அடைக்காமல் அழுத்தம் ஏற்றினால், காற்று எஞ்சினுக்குள் புகுந்து ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும்.

சுழலி

ஸ்டட் வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள், ஏனெனில் சரியாகச் செய்யாவிட்டால் சில மாதங்களிலேயே அது மீண்டும் முறியும். மேனிஃபோல்ட் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் நீளவாக்கில் விரிந்து சுருங்குகிறது. நடுவைவிடக் கோடிகளில் நகர்வு அதிகம், அதனால்தான் கோடி ஸ்டட்கள் முதலில் முறிகின்றன. முறிந்த துண்டு வெளியே சிறிதேனும் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருகி எடுப்பதே பாதுகாப்பான வழி; வெல்டிங்கின் சூடே துருவை இளக்கிவிடும். உள்ளே முறிந்திருந்தால் மட்டுமே டிரில் செய்யச் சம்மதியுங்கள், அதையும் அலுமினிய ஹெட்டில் கை பழகியவரிடமே ஒப்படையுங்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றியதும் நேர்விளிம்புக் கம்பியை வைத்து அதன் முகப்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் புதிய கேஸ்கெட்டும் காப்பாற்றாது. முறிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லா ஸ்டட்களையும் நட்களையும் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள முறுக்கு அளவில், அதில் காட்டிய வரிசையிலேயே முறுக்க வேண்டும்.

மலைச்சாலை

இரண்டு வேலைகளும் முடிந்துவிட்டன. புகைச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. காற்றழுத்தம் ஏற்றியபோது, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், ஒரு தாங்கு கம்பி உரசிக்கொண்டிருந்த இடத்தில், விரல் நகத்தின் நீளத்துக்குச் சோப்பு நுரை பொங்கியது. கையில் எடுத்துப் பார்க்கும்போது வெறும் கீறலாகத் தெரிந்தது, உட்பக்கமாக மடக்கியபோது பிளந்து ஒளி தெரிந்தது. புதிய ஹோஸ் போட்டு, கம்பி உரசாதபடி நகர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மேனிஃபோல்டின் முகப்பு நேராகவே இருந்ததால் சீவத் தேவைப்படவில்லை. ஸ்டட், நட், கேஸ்கெட் எல்லாம் புதியவை.

இப்போது குளிர்ந்த ஸ்டார்ட்டில் இன்ஜெக்டர்களின் வழக்கமான ஒலி மட்டுமே கேட்கிறது. அதே ஏற்றத்தில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் 1.9 பாரில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மிக மெல்லிய ஒரு சீட்டி மட்டும் ஆழ மிதிக்கும்போது இன்னமும் இருக்கிறது. கண்ணாடிகளை மூடினால் கேட்பதில்லை. இதை அப்படியே விட்டுவிடலாமா?

அழுத்தமானி

விட்டுவிடலாம். அழுத்தம் முழுதாகக் கிடைக்கும்போது வரும் மெல்லிய சீட்டி, குறையில்லாத டர்போவுக்கே உரியது. இன்றைய நிலையில் கைப்பேசியில் ஒலிப்பதிவு ஒன்று செய்து, ஸ்கேனர் பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சந்தேகம் வந்தால் அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். சுருதி ஏறியிருந்தாலோ, காலை எடுத்த பிறகும் ஒலி நீண்டாலோ, அப்போது அச்சின் ஆட்டத்தை மறுபடி சோதியுங்கள்.